96 வெல்லயும் ஒரே கலரை ஊத்திப் பார்த்தப்போதான் தப்பு எங்கன்னு பிடிபட்டுச்சு

எலைசான்னா சீரத்துல ஒரு பொருள் எவ்வளவு இருக்குன்னு நிறத்தை வெச்சு அளக்குற டெஸ்ட், 96 சின்னக் குழி (வெல்) இருக்கிற பிளேட்ல பண்ணுவோம். மூணு வாரமா எனக்கு அந்த பிளேட் ஒண்ணுகூட உருப்படியா வரலை. ஒரே சாம்பிளை மேலயும் கீழயுமா ரெண்டு வெல்ல போடுறேன், ஒண்ணு 1.10 காட்டுது, அடுத்தது 0.82 காட்டுது. டூப்ளிகேட்டுக்குள்ள சி.வி. (சராசரியை ஒட்டி நம்பர்கள் எவ்வளவு சிதறுதுங்கிற சதவீதம்) 10 சதவீதம் தாண்டினா நாங்க அந்த சாம்பிளை ஏத்துக்க மாட்டோம், இது 20ஐயே தாண்டிருச்சு. கிட் கெட்டுப்போச்சோன்னு புது கிட் பிரிச்சேன், ஸ்டாண்டர்டை (ஒப்பிட்டுப் பார்க்க வெச்சிருக்கிற, அளவு தெரிஞ்ச சாம்பிள்) திரும்ப கரைச்சேன், வாஷ் பஃபர் புதுசா போட்டேன், ஒண்ணும் மாறலை. நோயாளிங்க கிட்ட எடுத்த சீரம், ஒவ்வொரு ட்யூப்லயும் கொஞ்சமாதான் இருக்கு, வீணாக்க வீணாக்க மனசு அடிச்சுக்கும்.

அப்போ சீனியர் அக்கா ஒருத்தங்க சொன்னாங்க, "சாம்பிளை தொடாத, முதல்ல வெறும் கலர் தண்ணிய 96 வெல்லயும் 100 மைக்ரோலிட்டர் போட்டு ரீட் பண்ணு"ன்னு. மஞ்சள் டை ஒண்ணைக் கரைச்சு, எப்பவும் பிடிக்கிற அதே எட்டு சேனல் பிப்பெட்ல போட்டு 450 நானோமீட்டர்ல ரீட் பண்ணேன். பிளேட் ரீடர்ல லைட் மேலேருந்து கீழ போகுது, அதனால வெல்ல திரவம் எவ்வளவு உயரம் நிக்குதோ அதுக்குத் தகுந்த மாதிரி ஓ.டி. (எவ்வளவு லைட்டைத் தடுத்துச்சுங்கிற நம்பர்) வரும், அளவு குறைஞ்சா நம்பரும் அப்படியே குறையும். ஏழு வரிசை 1.00 பக்கத்துல இருக்கு, ஆறாவதான எஃப் வரிசை மட்டும் 12 நெடுக்கு வரிசையிலயும் 0.92, 0.91, 0.92னு படுத்துக் கிடக்கு.

பிப்பெட்ல தண்ணி இழுத்து கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிச்சேன். எட்டு டிப்புலயும் தண்ணி மட்டம் ஒரே கோட்டுல நிக்கணும், ஆறாவது டிப்ல ஒரு மயிரிழை கீழ நின்னுச்சு. மூணு வாரமா கையில பிடிச்ச பிப்பெட், ஒரு தடவைகூட இப்படித் தூக்கிப் பார்க்கலை. அந்த சேனல்ல மட்டும் 10 தடவை 100 மைக்ரோலிட்டர் எடுத்து தராசுல விட்டேன், தண்ணிக்கு 1 மைக்ரோலிட்டர் கிட்டத்தட்ட 1 மில்லிகிராம், அப்போ 1 கிராம் வரணும், வந்தது 0.92. கழட்டிப் பார்த்தா உள்ள இருந்த ஓ ரிங் (ரப்பர் வளையம்) தேஞ்சு போயிருந்துச்சு, காத்து கசியுது. சாம்பிள், கான்ஜுகேட் (என்சைம் ஒட்டின ஆன்டிபாடி), டி.எம்.பி. (அந்த என்சைம் பட்டா நிறம் மாறுற திரவம்) மூணுமே அந்த வழியாத்தான் கம்மியா விழுந்திருக்கு, குறை மேல குறை சேர்ந்துதான் அந்த 0.82.

ஓ ரிங் மாத்தினதும் டை பிளேட் சமமா வந்துச்சு. அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சு ஒரே கன்ட்ரோல் சீரத்தை பிளேட் முழுக்க போட்டு நிஜ எலைசாவே ஓட்டினேன், ஓரத்துல இருக்கிற 36 வெல்லும் நடுவுல இருக்கிற 60ஐ விட தூக்கலா வந்துச்சு. டை பிளேட்ல ஓரம் சரியா இருந்துச்சுல்ல, அப்போ இது ஊத்துறதுல வந்த தப்பு இல்ல, இன்குபேஷன்ல வந்த தப்பு. நான் ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த கையோட ரீஏஜென்ட் போட்டு, ரெண்டு பிளேட்டை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி 37 டிகிரியில வெச்சிருக்கேன், ஓரம் சீக்கிரம் சூடாகுது நடு மெதுவா சூடாகுது, மேல ஒட்டுற சீலர் ஓரம் சரியா ஒட்டலைன்னா அங்கேயே ஆவியாவும் போகுது. இப்போ எல்லாத்தையும் அரை மணி நேரம் முன்னாடியே வெளிய எடுத்து வெச்சிடுறேன், அடுக்குறதில்ல, சீலரை விரலால ஓரம் ஓரமா அழுத்துறேன், அந்த 36 வெல்ல பஃபர் மட்டும் போடுறேன். 60தான் மிஞ்சும், வலிக்கத்தான் செய்யுது, ஆனா அந்த 60ஐ நம்பலாம்.

இன்னொண்ணு, ரியாக்ஷனை நிறுத்துற ஸ்டாப் சொல்யூஷன். டி.எம்.பி.யை 1வது நெடுக்கு வரிசையிலேருந்து 12 வரைக்கும் போட ஒன்றரை நிமிஷம் ஆகுது, 15 நிமிஷம் ஆனதும் ஸ்டாப்பை நான் கைக்கு வசதியா இருக்குன்னு 12லேருந்து திரும்பி வந்துட்டிருந்தேன். கணக்குப் போட்டா முதல் நெடுக்கு வரிசை 16 நிமிஷம் 30 செகண்ட் ரியாக்ட் ஆகுது, கடைசி நெடுக்கு வரிசை 13 நிமிஷம் 30 செகண்ட்தான், 3 நிமிஷ வித்தியாசம்! அதே வரிசை, அதே வேகம், இதுல சமரசமே கூடாது.

1951ல ஹங்கேரியில ஜூலா தகாட்சி இன்ஃப்ளூயன்சா டெஸ்ட்டுக்காக அக்ரிலிக் பலகையில குழி எடுத்து முதல் மைக்ரோபிளேட் செஞ்சப்போ, பிப்பெட்டுக்குப் பதிலா சுருள் கம்பி வளையம் வெச்சு சின்ன அளவை எல்லாக் குழிக்கும் ஒரே மாதிரி கொண்டு போனாராம். அவரோட கவலையும் இதேதான்னு நினைக்கிறப்போ எனக்கு ரொம்ப நெருக்கமா இருக்கு.

வெல்ல நுரை வராம இருக்க ரிவர்ஸ் பிப்பெட்டிங்தான் கைகொடுத்துச்சு. பிப்பெட் பட்டனை ரெண்டாவது ஸ்டாப் வரைக்கும் அழுத்தி இழுக்கணும், விடும்போது முதல் ஸ்டாப்போட நிறுத்திக்கணும், மிச்சம் டிப்லயே இருக்கட்டும். ட்வீன் (சோப்பு மாதிரி நுரைக்கிற பொருள்) இருக்கிற கான்ஜுகேட்ல கடைசி சொட்டு வரைக்கும் ஊதித் தள்ளினா குமிழி நிச்சயம்.

நேத்து முழு பிளேட் ஓட்டினேன். ஸ்டாண்டர்டு, பிளாங்க் (சாம்பிள் இல்லாத வெல்) போக நடு வெல்கள்ல 22 சாம்பிள், 21க்கு சி.வி. 5க்குள்ள வந்துச்சு. மீதி ஒண்ணுல, டி7 வெல்ல, ரீட் பண்ணினதுக்கு அப்புறம் பார்த்தா கடுகு அளவு குமிழி ஒண்ணு மிதக்குது. அதை மட்டும் நாளைக்கு திரும்ப போடணும், சீரம் இன்னும் 40 மைக்ரோலிட்டர் இருக்கு.