காடோலினியத்தின் இடத்தில் இரும்பு

எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது நரம்பில் ஏற்றப்படும் கான்ட்ராஸ்ட் மருந்துகளில் மிகப் பெரும்பாலானவை காடோலினியம் என்ற உலோகத்தால் ஆனவை. அதன் அயனியில் இணைசேராத 7 எலெக்ட்ரான்கள் இருப்பதால், அது சென்று சேரும் இடம் படத்தில் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் தனித்த காடோலினியம் அயனி நஞ்சு. ஆகவே அதை ஒரு கரிம மூலக்கூறுக்குள் பூட்டியே செலுத்துகிறார்கள். அந்தப் பூட்டு எல்லோர் உடலிலும் ஒரே உறுதியுடன் இருப்பதில்லை என்பதை, சிறுநீரகம் செயலிழந்தவர்கள் சிலருக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் கடும் நோய் இம்மருந்தோடு தொடர்புடையது என 2006ஆம் ஆண்டில் வெளியான அறிக்கைகள் உணர்த்தின. காடோலினியத்தை வளையம்போல் சூழ்ந்து பூட்டும் இன்றைய மருந்துகள் மிகவும் மேம்பட்டவை. இதைப் படித்துவிட்டு, மருத்துவர் சொன்ன பரிசோதனையை எவரும் தள்ளிப்போட வேண்டாம்.

மாற்றாக ஆராயப்படும் இரும்பு ஆக்சைடு நானோதுகள்களுக்கு ஓர் இயல்பான அனுகூலம் உண்டு. நம் உடலில் ஏற்கெனவே 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. அதைக் கடத்தவும் சேமிக்கவும் புரதங்கள் இருக்கின்றன. கல்லீரலில் அந்நியப் பொருள்களை விழுங்கும் குப்ஃபர் செல்கள் இத்துகள்களை விழுங்கி மெல்லச் சிதைக்க, வெளிப்படும் இரும்பு இரத்தச் சிவப்பணுக்களின் ஆக்கத்துக்கே பயன்படக்கூடும். காடோலினியத்துக்கு அப்படியொரு வழி உடலில் இல்லை.

ஆயினும், அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு கல்லீரல் படங்களுக்காக ஒப்புதல் பெற்ற ஃபெரிடெக்ஸ் என்ற இரும்பு ஆக்சைடு மருந்து நிலைக்கவில்லை. அத்தகைய துகள்கள் தாம் சேரும் இடத்தைக் கறுப்பாகக் காட்டுபவை. இரத்தக் கசிவும் சுண்ணாம்புப் படிவும்கூடக் கறுப்பாகவே தெரியும்போது, எது மருந்து, எது நோய் என்று பிரித்தறிவது கடினம்.

இங்கேதான் அளவு முக்கியமாகிறது. துகளின் இரும்பு ஆக்சைடு மையத்தை ஏறத்தாழ 3 நானோமீட்டருக்குச் சுருக்கினால், அணுக்களில் பெரும்பங்கு மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. அங்குள்ள அணுக்களின் காந்தத் திசைகள் ஒழுங்கு குலைவதால் துகளின் மொத்தக் காந்தமாக்கம் குறைந்து, கறுப்பாக்கும் விளைவும் தணிகிறது. மேற்பரப்பிலுள்ள இரும்பு அயனிகளின் இணைசேராத 5 எலெக்ட்ரான்கள் அருகிலுள்ள நீரைப் பாதிக்க, படம் வெளிச்சமாகிறது. தென்கொரியாவில் ஹியோன் தேக்வானின் குழு 2011இல் இத்தகைய துகள்களைப் பேரளவில் தயாரிக்கும் வழியைக் காட்டியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மௌங்கி பவெண்டியின் குழு 2017இல், நேர், எதிர் மின்னூட்டங்கள் இரண்டையும் தாங்கிய மெல்லிய பூச்சைப் பூசி, எலிகளில் அவை சிறுநீர் வழியே வெளியேறுவதையும் காட்டியது. கல்லீரலில் தங்காமல் வெளியேறும் துகள் என்பதே இத்துறையில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி.

நச்சுத்தன்மை குறைவு என்ற சொல்லை ஆய்வுக் கட்டுரைகள் எளிதாகப் பயன்படுத்துவது எனக்கு உவப்பானதல்ல. செல்களை 24 மணி நேரம் துகள்களோடு வைத்து, எத்தனை பிழைத்தன என்று எண்ணுவது தொடக்கம் மட்டுமே. துகளே ஒளியை உறிஞ்சுவதால் நிறத்தை அளக்கும் சோதனைகள் பிறழவும் வாய்ப்புண்டு. பூச்சு கழன்றால் துகள்கள் திரளும். கசியும் இரும்பு, செல்லிலுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரிந்து டி.என்.ஏ.வைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் ராடிகல்கள் என்ற தீவிரமாக வினைபுரியும் மூலக்கூறுகளை உண்டாக்கும். இரத்தசோகைக்காக 2009இல் ஒப்புதல் பெற்று, இன்று சில மருத்துவமனைகளில் சிறுநீரக நோயாளிகளின் எம்.ஆர்.ஐ.க்கும் பயன்படும் ஃபெருமாக்சிட்டால் என்ற இரும்பு ஆக்சைடு நானோதுகள் மருந்தின் மீது, கடும் ஒவ்வாமை காரணமாக 2015இல் அமெரிக்காவில் மிகக் கடுமையான எச்சரிக்கை இடப்பட்டது. எனவே புதிய துகள் ஒன்று அறிவிக்கப்படும்போது, படத்தின் பொலிவுக்கு முன்னால், அதன் பூச்சு இரத்தத்தில் எவ்வளவு காலம் தாங்கும், நோய் எதிர்ப்பு மண்டலம் அதை எவ்வாறு எதிர்கொள்ளும், செலுத்திய இரும்பு சில மாதங்களுக்குப் பின் எங்கே இருக்கும் என்ற விவரங்களையே நான் தேடுகிறேன்.