மெதுவாகப் போகிற ரயிலில் ஏறுங்கள்

யூரெய்ல் பாஸ் ஒன்று வாங்கிவிட்டால் போதும், ஐரோப்பா முழுவதும் எந்த ரயிலிலும் ஏறி இறங்கலாம் என்று யூடியூபில் சிரித்துக்கொண்டே சொல்கிறார்களே, அவர்களில் ஒருவரையாவது நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும். பாஸ் 33 நாடுகளில் செல்லும், அது உண்மை. ஆனால் பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃபிரெச்சாரோசா என்ற அதிவேக ரயில்கள், லண்டன் போகிற யூரோஸ்டார், அப்புறம் எல்லா இரவு ரயில்களும், இவற்றில் பாஸ் கையில் இருந்தாலும் இடத்துக்குத் தனியாகப் பணம் கட்டியாக வேண்டும். இத்தாலி அதிவேக ரயிலில் ஒரு ஆளுக்குப் பத்து யூரோவுக்கு மேல். இரண்டு பேர், நாலு ரயில் என்று பெருக்கிப் பாருங்கள். ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்துத்தான் நாங்கள் கணக்குப் போட்டோம். எளிதாக இருக்கிறது, வயிறும் சரியாக எரிகிறது.

என்னோடு வந்தவள் கல்லூரித் தோழி. சின்ன நோட்டு ஒன்றில் ஒவ்வொரு சென்ட்டையும் எழுதுவாள். அதனால் இங்கே அவள் பெயர் கணக்குப்பிள்ளை. அவளுக்கு 27 வயது, எனக்கு 28. இளைஞர் பாஸுக்கு 27 வயதுதான் வரம்பு, எனவே அவளுக்குக் கால் பங்கு தள்ளுபடி, எனக்கு முழு விலை. "அக்கா, உங்களுக்கு ஜன்னல் சீட் வேணுமா?" என்று பயணம் முழுக்க என்னைக் கிண்டல் செய்துகொண்டே வந்தாள்.

தினசரிச் செலவு, தங்கும் இடம் எல்லாம் வரிசையாக எழுதச் சொல்லி அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். ஆனால் பெர்னினா ரயிலைப் பற்றிச் சொல்லாமல் எனக்கு வேறு எதுவும் ஓடாது.

ஸூரிக்கில் இறங்கி, ஒரே நாளில் கிளம்பிவிட்டோம். சுவிட்சர்லாந்தில் தங்குகிற வசதி எங்களுக்கு இல்லை, அவ்வளவுதான். ஒரு காப்பி ஐந்து பிராங்க். ஆனால் தண்ணீர் இலவசம்: ஸூரிக் நகரத்தில் மட்டும் 1,200க்கு மேற்பட்ட நீரூற்றுகள் தெருவிலேயே ஓடுகின்றன, குடிக்கக்கூடாது என்று பலகை இல்லாவிட்டால் தாராளமாக பாட்டிலை நீட்டலாம். ரயில் நிலையக் கழிப்பறைக்கு மட்டும் ஒன்றரை, இரண்டு பிராங்க் வாங்குகிறார்கள். ரயிலுக்குள் இருக்கிற கழிப்பறை இலவசம். இறங்குவதற்கு முன் போய்விட்டு வாருங்கள். வெட்கப்படாமல் சொல்கிறேன், இந்தப் பயணத்தில் நாங்கள் கண்டுபிடித்த மிகப் பெரிய சிக்கனம் இதுதான்.

சரி, பெர்னினா. கூர் என்ற ஊரிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் குறுக்கே கடந்து இத்தாலியின் திரானோவில் இறக்கிவிடும் தடம். இதில் பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா ரயில் ஓடுகிறது, கூரை வரை கண்ணாடி, முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் கட்டணம். இன்ஸ்டாகிராமில் எல்லாரும் அதில்தான் போகிறார்கள். அதே தண்டவாளத்தில், அதே பாலங்களின் மேல், உள்ளூர்க்காரர்கள் போகும் சாதாரண ரயிலும் ஓடுகிறது. பாஸ் போதும், முன்பதிவு வேண்டாம். ஒன்றிரண்டு இடத்தில் ரயில் மாற வேண்டும், அவ்வளவே. கண்ணாடிக் கூரை ரயிலில் ஜன்னலைத் திறக்க முடியாது, எடுக்கிற படத்தில் எல்லாம் உங்கள் சட்டையின் பிம்பம் விழும். சாதாரண ரயிலில் ஜன்னலை இறக்கிவிட்டுத் தலையைக் காற்றில் வைத்துக்கொண்டு போகலாம். எங்களுக்கு அதிர்ஷ்டம் இன்னும் கொஞ்சம் அதிகம். கோடையில் வானிலை நன்றாக இருந்தால் பெர்னினாப் பகுதியில் சில ரயில்களில் கூரையே இல்லாத மஞ்சள் பெட்டி ஒன்றைக் கோப்பார்கள். பொந்த்ரெசீனாவில் ரயில் மாறும்போது அந்த மஞ்சள் பெட்டியைப் பார்த்ததும் கணக்குப்பிள்ளை முதுகுப் பையோடு ஓடினாள். நானும்தான்.

அதற்கு முன்பே லாண்ட்வாசர் பாலம் வந்துவிடுகிறது. 65 மீட்டர் உயரம், 136 மீட்டர் நீளம், வளைந்து போகிற கல் பாலம். பாலம் முடிகிற இடத்தில் நேராகச் செங்குத்துப் பாறை. ரயில் அந்தப் பாறைக்குள் இருக்கும் குகைக்குள் நுழைந்துவிடுகிறது. நடுவில் மூச்சு விடக்கூட இடம் கொடுக்கவில்லை, கட்டியவர்கள் யாரோ நல்ல நாடகக்காரர்கள். அப்புறம் மலைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஏறுகிறது. தடத்தின் உச்சியான ஓஸ்பீசியோ பெர்னினா நிலையம் 2,253 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திரானோவின் உயரம் வெறும் 429 மீட்டர். இவ்வளவு இறக்கத்தையும் பல்சக்கரம் இல்லாமல், வெறும் சக்கரப் பிடிமானத்தில் இறங்குகிறது. நம் ஊட்டி ரயில் 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிறது, அதற்குப் பல் தண்டவாளம் வேண்டியிருக்கிறது. இங்கே அதிகபட்ச ஏற்றம் ஏழு சதவீதம், கிட்டத்தட்ட 14 அடிக்கு ஓர் அடி. வித்தியாசம் ஒன்றும் பெரிதில்லை, ஆனால் பல் கிடையாது. வேகம் மட்டும் வராது, வளைவுக்கு வளைவு நிதானம். இரண்டுமே யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை, ஊட்டி 2005இல், இது 2008இல்.

உச்சிக்குப் பக்கத்தில் இரண்டு ஏரிகள். லேய் நைர், கருப்பு ஏரி. லாகோ பியாங்கோ, வெள்ளை ஏரி. கருப்பு ஏரித் தண்ணீர் இன் என்ற ஆற்றில் சேர்ந்து, டான்யூப் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது. வெள்ளை ஏரித் தண்ணீர் தெற்கே இத்தாலிக்குள் இறங்கி ஏட்ரியாட்டிக் கடலில் சேருகிறது. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் மேடு, அவ்வளவுதான். இதை எதிர்சீட்டில் இருந்த பெரியவர் ஒருவர் கையால் காட்டிக் காட்டி விளக்கினார். அவர் பேசிய மொழி எங்களுக்குத் தெரியாது, ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பது புரிந்துவிட்டது. கடைசியில் புரூசியோவில் ரயில் ஒரு வட்டப் பாலத்தில் முழுச் சுற்றுச் சுற்றித் தன் கீழேயே தான் நுழைந்து வெளியே வருகிறது. மஞ்சள் பெட்டி முழுக்கக் கூச்சல். நாங்கள்தான் அதிகம் கத்தினோம்.

திரானோவில் ரயில் தெருவுக்குள்ளேயே வந்து, மடோன்னா தேவாலயத்து முற்றத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. கார்கள் காத்திருக்கின்றன. இத்தாலியில் மதியச் சமையல் இரண்டு, இரண்டரைக்கெல்லாம் மூடிவிடுவார்கள், மறுபடி இரவு ஏழுக்குத்தான். நாங்கள் ஒரு சின்னக் கடைக்குள் நுழையும்போது அந்த அம்மா நாற்காலிகளை மேசைமேல் கவிழ்க்கத் தொடங்கியிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியை மறுபடி இறக்கினார். இன்னொன்றையும் இறக்கினார். அப்புறம் வந்தது பிட்சோக்கேரி.

இந்த உணவுக்காகவே திரும்பப் போவேன். பக்வீட் என்ற தானிய மாவில் செய்த பட்டையான பாஸ்தா, கருஞ்சாம்பல் நிறம், பார்க்க அழகில்லை. அதை உருளைக்கிழங்கோடும் முட்டைக்கோஸோடும் வேகவைத்து, நடு நடுவே அந்தப் பள்ளத்தாக்கின் காசேரா சீஸை அடுக்கி, பூண்டு பொரித்த வெண்ணெயைச் சூடாக மேலே ஊற்றுகிறார்கள். ஊற்றும்போது வருகிற சத்தமும் வாசனையும்! சைவம் மட்டுமே சாப்பிடுகிற கணக்குப்பிள்ளை ஸூரிக்கிலிருந்து ரொட்டியும் வாழைப்பழமுமாக ஓட்டிக்கொண்டு வந்தவள், ஒரு வாய் வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். நோட்டை எடுக்கவே இல்லை. பில்லில் உட்கார்ந்ததற்கு என்று தலைக்கு இரண்டு யூரோ சேர்த்திருந்தார்கள், கொபெர்த்தோ என்று பெயர், இத்தாலியில் வழக்கம்தான். மற்ற ஊர்களில் அதற்குச் சண்டைக்குப் போகத் தயாராக இருந்தவள் இங்கே, "நாற்காலியை இறக்கினதுக்கே கொடுக்கலாம்டி" என்றாள்.

நல்லது நடந்தால் பின்னாலேயே ஒரு பஸ் வரும். திரானோவிலிருந்து மிலானுக்குப் போகிற ரயில் கோமோ ஏரிக்கரையை ஒட்டியே ஓடுகிறது. அந்தக் காட்சிக்காகத்தான் இந்த வழியையே தேர்ந்தெடுத்தோம். நிலையத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: தடத்தில் வேலை, ரயிலுக்குப் பதில் பஸ். சரி, பஸ்ஸிலும் ஏரி தெரியுமே என்று ஏறினோம். ஏசி ஓடவில்லை, ஜன்னல் திறக்காது. முதுகுப் பைகளை அடியில் போடச் சொல்லிவிட்டு, பாதி வழியில் வேறு பஸ்ஸுக்கு மாறச் சொன்னார்கள். எல்லாரும் வெயிலில் குனிந்து பை தேடினோம். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் கோலிக்கோவிலிருந்து லெக்கோ வரை போகிற பெருஞ்சாலை பெரும்பாலும் மலைக்குள் குடைந்த சுரங்கப்பாதை. குகை, ஒரு நொடி நீலம், மறுபடி குகை. ஐரோப்பாவின் மிக அழகான ஏரிகளில் ஒன்றின் கரையோடு நாங்கள் சிமெண்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு போனோம். லெக்கோவில் ரயிலில் ஏற்றிவிட்டார்கள், அங்கே ஏரி முடிந்துவிட்டது. இந்த வழியில் போகிறவர்கள் கிளம்பும் நாள் காலையில் தடத்தில் வேலை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மிலானிலிருந்து வெனிஸுக்கு மறுபடி சாதாரண ரயில்தான், வெரோனாவில் மாறி. அதிவேக ரயிலைவிட ரொம்ப நேரம் கூடுதல், செலவு சுழியம்.

வெனிஸைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். என் பங்குக்கு: மெஸ்த்ரேயில் தங்குங்கள், பத்து நிமிஷ ரயில், அறை வாடகை கணிசமாகக் குறைவு. 2024இலிருந்து சில நாட்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிதான் என்பதால் அங்கே தங்குகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை, இணையத்தில் பதிவு மட்டும் செய்ய வேண்டும். வப்பொரெத்தோ என்ற பொதுப் படகில் ஒரு முறை ஏற ஒன்பதரை யூரோ. "ஆயிரம் ரூபாய் கொடுத்து நாலு ஸ்டாப்பா? நடடீ" என்று உத்தரவு வந்தது. நடந்தோம். வழி தெரியாமல் நடந்ததில்தான் துணி காயப் போட்டிருக்கிற, பயணிகள் யாரும் இல்லாத தெருக்களைப் பார்த்தோம்.

அன்று இரவே வியன்னாவுக்கு நைட்ஜெட் என்ற இரவு ரயில். முன்பதிவுக்குப் பணம் கொடுத்ததில் நான் வருத்தப்படாத ஒரே ரயில் இது, ஏனென்றால் அறை வாடகை மிச்சம். பெண்களுக்கு மட்டும் என்று தனிப் பெட்டி அறை கேட்டு வாங்கலாம், கேளுங்கள். ஆறு படுக்கை, தலையணை, போர்வை. நள்ளிரவுக்கு முன் ஏறிவிட்டால் பாஸில் உள்ள பயண நாட்களில் ஏறிய நாள் ஒன்று மட்டும்தான் கழியும், மறுநாள் வேறு ரயில் ஏறாதவரை. காலையில் கதவைத் தட்டி, காப்பி, இரண்டு பன், வெண்ணெய், ஜாம் கொடுத்தார்கள்.

வியன்னாவில் அரசு ஆபராவில் நின்றுகொண்டு பார்க்கிற டிக்கெட் இருபது யூரோவுக்கும் குறைவு. இடம் பிடிக்கக் கம்பியில் துண்டோ ஸ்கார்ஃபோ கட்டிவிட்டு வெளியே போய் வரலாம், யாரும் அவிழ்க்க மாட்டார்கள். கால் வலித்தது. முதல் இடைவேளையில் கிளம்பிவிட்டோம், அதில் எனக்குக் குற்ற உணர்வு எதுவும் இல்லை. குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் ஊற்றுகளிலிருந்து வருகிறது, முதல் குழாய்த்தடம் 1873லேயே போட்டுவிட்டார்கள். பாட்டில் வாங்காதீர்கள்.

பிராகில்தான் கோபம். செக் நாட்டில் யூரோ இல்லை, கொருனா. தங்கிய இடத்தில் நகர வரியை ரொக்கமாகக் கேட்டார்கள். பழைய நகரத்தில் ஒரு பணமாற்றுக் கடை, கமிஷன் 0% என்று ஆளுயரப் பலகை. நூறு யூரோவை நீட்டினோம். ஒரு யூரோவுக்கு 24, 25 கொருனா கிடைக்க வேண்டிய இடத்தில் 17 கணக்கில் நோட்டுகளைத் தள்ளினார் உள்ளே இருந்தவர். பலகையில் இருந்த நல்ல விலை பெரிய தொகைக்கு மட்டுமாம், அது எறும்பு எழுத்தில். ஏறக்குறைய முப்பது யூரோ, மூவாயிரம் ரூபாய், இரண்டு நாள் சாப்பாடு.

கணக்குப்பிள்ளை நோட்டைப் புரட்டினாள். ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே எழுதி வைத்திருக்கிறாள்: செக் சட்டப்படி 2019 ஏப்ரலிலிருந்து, ஆயிரம் யூரோ மதிப்பு வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை, ரசீது இருந்தால் போதும். மறுபடி கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். அந்த ஆளுக்குத் திடீரென்று ஆங்கிலம் மறந்துவிட்டது. இவள் தமிழில் ஆரம்பித்தாள். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் எங்கள் நூறு யூரோ அப்படியே வெளியே வந்தது. ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். இன்னும் நல்லது, வங்கி ஏடிஎம்மில் எடுங்கள், ரூபாயில் கழிக்கட்டுமா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி, கொருனாவிலேயே எடுங்கள்.

பிராகிலிருந்து பெர்லின் போகிற ரயிலில் வலப்பக்க ஜன்னல். எல்பே ஆறு அந்தப் பக்கம்தான் வரும், ஜெர்மனிக்குள் நுழைந்ததும் மணற்பாறைக் குன்றுகளும் அங்கேதான். இதில் செக் உணவுப் பெட்டி உண்டு, மேசை விரிப்பு, பீங்கான் தட்டு, குழாயிலிருந்து பிடித்துத் தருகிற பீர். டிரெஸ்டன் வரும் வரை நாங்கள் எங்கள் சீட்டுக்குத் திரும்பவில்லை.

பெர்லினில் மழை, நாங்கள் துணி துவைத்தோம்.

அலுவலகத்தில் கேட்டவர்களுக்கு, விசா: எந்த நாட்டில் அதிக நாள் இருப்பீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாடு. 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்துக்காரர்களின் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம், கடைசி 15 நாளில் கொடுக்க முடியாது. பாஸ் தேடும்போது இன்டர்ரெய்ல் என்று ஒன்றும் வரும், அது ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு, நமக்கு யூரெய்ல். தினசரிச் செலவுப் பட்டியல் கணக்குப்பிள்ளையின் நோட்டில் இருக்கிறது, படம் எடுத்து அனுப்பச் சொன்னால் முதலில் நான் தர வேண்டிய பாக்கியைக் கேட்கிறாள்.