இரண்டு கரண்டி கஞ்சி

கத்திரி வெயில் காலத்தில் ஒரு விடியற்காலை, தறிக்குழியில் இறங்கப் போன அப்பா அப்படியே சரிந்தார். வாய் கோணிவிட்டது, இடது கையும் காலும் துவண்டுவிட்டன. குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்த்துவிட்டோம். பக்கவாதம் என்றார்கள். ஸ்கேனில் மூளையில் ரத்தக்கசிவு இல்லை, ரத்தக்குழாய் அடைப்புதான் என்றார்கள். நாலரை மணி நேரத்துக்குள் வந்ததால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடிந்தது. மறுநாளே இடது விரல்கள் லேசாக அசைந்தன. கண்டம் தாண்டிவிட்டதாகவே நம்பினோம்.

மூன்றாம் நாள் நடந்தது என் தவறு. மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அப்பா கெஞ்சினார். உதடு வறண்டு வெடித்திருந்ததைப் பார்க்கச் சகிக்காமல், சிஸ்டர் அந்தப் பக்கம் போன நேரத்தில் இரண்டு கரண்டி கஞ்சி ஊட்டினேன். அவர் இருமவே இல்லை. "போதும்மா" என்றபோது குரல் மட்டும் தொண்டையில் நீர் தேங்கியதுபோல் களகளத்தது.

அன்றிரவே காய்ச்சல் வந்தது. மறுநாள் மூச்சு இரைத்தது. பக்கவாதத்தில் தொண்டைத் தசையும் தளர்ந்துபோகும், விழுங்குவது மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமல் வராமலே போகலாம் என்று டாக்டர் விளக்கினார். எச்சில்கூட அப்படி இறங்குமாம். அதனால்தான் ஆகாரமே வாய்வழி போகாதவருக்கும் தினமும் வாயைத் துடைத்துச் சுத்தம் செய்கிறார்கள்.

நிமோனியா பதினோரு நாள் படுத்தியது. உடற்பயிற்சி நின்றது. அசையத் தொடங்கிய விரல்கள் மறுபடி மரத்துப்போயின. முதல் சில வாரங்கள் எவ்வளவு முக்கியம் என்று அப்போதுதான் புரிந்தது. நோய் ஒரே நாளில் வந்துவிட்டது. அப்பா தேறி வந்ததைத் தின்றதெல்லாம் பின்னால் வந்தவை.

காய்ச்சலில் அசையாமல் கிடந்ததில் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்தது. அழுத்தி எடுத்தாலும் அந்தச் சிவப்பு வெளுக்கவில்லை. படுக்கைப்புண் தொடங்குவதற்கு அதுதான் அடையாளம். அன்றிலிருந்து இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்து, நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் நேரத்தைக் குறித்தோம். சிறுநீர் வடிய வைத்திருந்த குழாயால் கிருமித் தொற்றும் வந்துபோனது. பார்க்க வந்த உறவினர் ஒருவர் பாசத்தோடு இடது கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தார். தசை பிடிமானம் இல்லாத தோள் அது. அந்த வலி மூன்று மாதம் போகவில்லை. தயவுசெய்து அந்தக் கையைப் பிடித்து யாரும் இழுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் கேட்டாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். பிடிவாதம் என்று நினைத்துக் கடிந்துகொண்டேன். மனச்சோர்வும் இந்த நோயோடு வருவதுதான் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். சில வாரங்களில் அப்பாவே பயிற்சிக்குக் கையை நீட்டினார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வந்தது பெரிய உதவி.

விழுங்கும் பரிசோதனையில் தேறியபின், நிமிர்ந்து உட்காரவைத்துக் கெட்டியான கூழிலிருந்து தொடங்கினோம். இப்போது காபியே குடிக்கிறார். ஒவ்வொரு மிடறுக்கும் பிறகு, "குடியாத்தம் என்று சொல்லுங்கப்பா" என்பேன். சொல்வார். குரலில் களகளப்பு இல்லை என்று கேட்டபிறகே அடுத்த மிடறுக்கு டம்ளரை நீட்டுகிறேன்.