நஞ்சுக்கொடி விழுந்த பத்து நிமிடத்தில் காப்பர்-டி

"மாதவிலக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று பிரசவத்துக்கோ கருக்கலைப்புக்கோ பிறகு கருத்தடையைத் தள்ளிப்போடுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மாதவிலக்கு வரும் முன்பே கருமுட்டை வெளியாகிவிடலாம். தாய்ப்பால் கொடுக்காதவருக்குப் பிரசவமான 25-ம் நாள் வாக்கிலேயே அது வெளியாகலாம். கருக்கலைப்பு என்றால் 10 நாளுக்குள்கூட.

கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டியை வைக்க நல்ல நேரம், குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்த 10 நிமிடத்துக்குள். சிசேரியன் என்றால் தையல் போடும் முன்பே வைத்துவிடலாம். தவறினால் 48 மணி நேரம் வரை வைக்கலாம். அதையும் தாண்டினால் 4 வாரம் முடியும்வரை பொறுப்பதே நல்லது. இதைக் கர்ப்பகாலச் செக்கப்பிலேயே பேசி முடிவு செய்திருக்க வேண்டும். பிரசவ வலியில் துடிப்பவரிடம் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியாது.

காய்ச்சலோடு கருப்பையில் தொற்று, பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆனது, நிற்காத ரத்தப்போக்கு: இவற்றில் எது இருந்தாலும் அப்போது வைக்கக் கூடாது.

சாதனம் நழுவுவதற்கு முக்கியக் காரணம், அதைக் கருப்பையின் உச்சிவரை கொண்டுபோகாததுதான். பிரசவமான கையோடு உச்சி தொப்புள் மட்டத்தில் இருக்கும். காப்பர்-டி பாக்கெட்டில் வரும், அதை உள்ளே செலுத்தும் குழாய்க்கு அந்த நீளம் கிடையாது. அதனால் சுமார் 33 செ.மீ. நீளமுள்ள, வளைந்த கெல்லி ஃபோர்செப்ஸ் (இடுக்கி) வேண்டும். ஒரு கையால் வயிற்றின் மேலிருந்து கருப்பையை மேல்நோக்கித் தள்ளினால் கீழ்ப்பகுதியின் மடிப்பு நிமிரும். ஃபோர்செப்ஸ் நுனி உச்சியில் முட்டுவது வயிற்றின் மேலுள்ள கைக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் மேலே போகவில்லை என்று பொருள். பிடியைத் திறந்து, பக்கவாட்டில் ஒதுக்கி, லேசாகத் திறந்தபடியே மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். மூடிக்கொண்டு இழுத்தால் காப்பர்-டியின் நூல் சிக்கி, வைத்த சாதனமும் கூடவே இறங்கிவிடும்.

சரியாகவே வைத்தாலும், சுகப்பிரசவத்துக்குப் பின் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நழுவலாம். சிசேரியனில் இது குறைவு. நழுவினால் உடம்புக்குக் கேடில்லை, வேறொன்று வைத்துக்கொள்ளலாம். நழுவியது தெரியாமல் இருப்பதுதான் வம்பு. 6 வாரச் செக்கப்பில் நூலைப் பார்ப்பது அதற்காகத்தான். கருப்பை சுருங்கச் சுருங்க நூல் கீழே வந்து நீளமாகத் தொங்கலாம், அதை வெட்டிவிட்டால் போதும். சிசேரியனில் நூல் இறங்காமலே இருப்பதும் உண்டு. நூல் தென்படாவிட்டால் முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகு ஸ்கேன். கருப்பைக்குள் காணவில்லை என்றால் வயிற்று எக்ஸ்ரே. விடை தெரியும்வரை ஆணுறை.

கையில் வைக்கும் சிறு கருத்தடைக் குச்சியான இம்ப்ளான்டுக்கு இந்தத் தலைவலி இல்லை. மேல்கையின் உட்புறத் தோலுக்கடியில் இருப்பது விரலுக்குத் தட்டுப்படும். தாய்ப்பால் கொடுப்பவரும் வீட்டுக்குப் போகும் முன்பே வைத்துக்கொள்ளலாம். ரத்தப்போக்கு ஒழுங்கில்லாமல் வரும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் பலர் பயந்துபோய் எடுத்துவிடுகிறார்கள்.

கருக்கலைப்பைக் கருவி மூலம் செய்தால், தொற்று இல்லாதபோது அதே மேஜையில் காப்பர்-டி வைத்துவிடலாம். மாத்திரை மூலம் என்றால், முதல் மாத்திரை விழுங்கும் நாளிலேயே இம்ப்ளான்ட் வைக்கலாம். காப்பர்-டிக்குக் கரு முழுதாக வெளியேறியது உறுதியாக வேண்டும்.