ஒரே குளிசை, வீட்டில மூண்டு பேருக்கு மூண்டு அளவு

எங்கட வீட்டில இப்ப மூண்டு பேர் செற்றிரிசின் எடுக்கிறம், ஆளுக்கொரு அளவு. அலர்ஜிக் குளிசைதானே எண்டு பக்கத்து வீட்டுக்குக் கூடக் கழட்டிக் குடுக்கிற பழக்கம் எங்கட நெடுங்கேணிப் பக்கம் இருக்கு, அதுதான் நடந்ததை விபரமா எழுதுறன்.

முதல் தொடங்கினது எனக்கு. பின்னேரமானா உடம்பெல்லாம் தடிச்சுச் சிவந்து கடிக்கும், விடியப் பாத்தா ஒண்டும் இருக்காது, பிறகு வேற இடத்தில வரும். அம்மா இறால், கத்தரிக்காய், தக்காளி எண்டு ஒவ்வொண்டா நிப்பாட்டிப் பாத்தா, ஒரு வித்தியாசமும் இல்லை. கிட்டடி ஆசுப்பத்திரியில பிரிட்டன் (Piriton) எண்ட பழைய அலர்ஜிக் குளிசை தந்தவை, கடி அடங்கும் ஆனா கொஞ்ச மணித்தியாலத்தில திரும்ப வந்திடும், கண்ணைச் சுழட்டிக்கொண்டு நித்திரை வேற, நான் மோட்டச்சைக்கிள் ஓடி வேலைக்குப் போறனான் எண்டபடியா அது சரிவரேல்ல. 6 கிழமை தாண்டியும் நிக்காததால துண்டு தந்து வவுனியாவுக்குத் தோல் கிளினிக்குக்கு அனுப்பிச்சினம். புளியங்குளத்தால விடியப் பஸ்ஸில போய் நம்பர் எடுத்துக் காத்திருந்து மத்தியானம்தான் டொக்டரைப் பாத்தது, ஆனா அவர் ஆறுதலா இருந்து கதைச்சவர்.

6 கிழமைக்கு மேல போற தடிப்புக்குப் பெரும்பாலும் சாப்பாடு காரணமில்லையாம். செற்றிரிசின் 10 மில்லிகிராம், கடிக்கேக்க மட்டும் இல்லை, ஒவ்வொருநாளும் போடச் சொன்னார். அதுக்கு முழுசா அடங்காததால அடுத்த கிளினிக்கில காலமை ஒண்டு இரவு ஒண்டாக் கூட்டினவர். பெட்டியில நாளுக்கு ஒண்டு எண்டு போட்டிருக்க ரெண்டு போடுறதோ எண்டு எனக்குப் பயம், கேட்டன். தும்மல், மூக்கால ஓடுறதுக்கு 10 காணும், இந்த மாதிரித் தடிப்புக்கு டொக்டரின்ர பார்வையில நாலு மடங்கு வரைக்கும் கூட்டலாம், ஆனா அது செற்றிரிசின் மாதிரிப் புது மருந்துகளுக்குத்தான், பிரிட்டனை அப்பிடிக் கூட்டேலாது எண்டு விளங்கப்படுத்தினார். பிரிட்டன் பெரியாக்களுக்கு ஒரு நாளைக்கு 24 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, வயசு போனாக்களுக்கு 12தான் எல்லை.

அப்பதான், வீட்டில வேற ஆர் இதைப் போடுகினம் எண்டு கேட்டார். ஐயா போடுறவர். அரிவு வெட்டுக் காலத்தில நெல்லுத் தூசிக்குத் தும்மித் தும்மிக் கண்ணெல்லாம் வீங்கும், பாமசியில 10 வாங்கிப் போட்டிட்டுப் பகல் முழுக்கப் படுத்துக் கிடப்பார், நாங்கள் வயசுக் களைப்பு எண்டு நினைச்சம். ஐயாவுக்குக் கிட்னி வருத்தம், வவுனியா மாவட்டத்தில வயல் செய்யிற ஆக்கள் கனபேருக்கு இருக்கிற அதே வருத்தம். செற்றிரிசின் கூடுதலா மூத்திரத்தாலதான் வெளியில போறது, கிட்னி இழுக்காட்டி அது ரத்தத்திலயே தேங்கி நிக்கும், அதுதான் அந்தத் தூக்கம். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினாப் பிறகு 5, அதாவது அரைக் குளிசை, ஒருக்கா மட்டும் எண்டு எழுதித் தந்தவை. கிட்னி இன்னும் மோசமான ஆக்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், கடைசி நிலையில இருக்கிறவைக்கு இந்த மருந்தே இல்லையாம். இதைச் சொல்லாமல் பாமசியில வாங்கிற வயசான ஆக்களை நினைக்க எனக்கு இப்பவும் மனம் பதறுது. தயவுசெய்து கிட்னிக் கிளினிக் போற ஆக்கள் கொப்பியைக் காட்டாமல் எந்தக் குளிசையும் வாங்காதேங்கோ.

மகனுக்கு 4 வயசு, அவனுக்கு 2.5 மில்லிகிராம் நாளைக்கு ரெண்டு தரம், பாணிதான். எங்களுக்குத் தந்த போத்தலில 5 மில்லியில 5 மில்லிகிராம் எண்டு இருக்கு, அப்ப 2.5 மில்லி. வேற போத்தலில வேற கணக்கா இருக்கலாம், லேபிளைப் பாருங்கோ, தேத்தண்ணிக் கரண்டியால ஊத்தாமல் மருந்தோட வாற மூடியாலயோ சிரிஞ்சாலயோ அளவுங்கோ.

எனக்கு இப்ப தடிப்பு நல்லாக் குறைஞ்சிட்டுது. இப்பிடியே அடங்கி இருந்தால் அடுத்த கிளினிக்கில ஒரு குளிசையாக் குறைச்சுப் பாப்பம் எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார்.