டப்பாவுல போட்டு அனுப்பின கேள்வி

கைனகாலஜி தியேட்டர்ல ஸ்க்ரப் நர்ஸா நிக்க ஆரம்பிச்சு பதினோரு வருஷம் ஆச்சு. கர்ப்பப்பை வெளிய வந்ததும் கை தானா வேலை செய்யும், ட்ரேல வாங்கணும், ஃபார்மலின் டப்பாவுல போடணும், லேபிள் ஒட்டணும், லேப் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கணும், அவ்ளோதான். அப்புறம் அது எங்க போகுது என்ன ஆகுதுன்னு நெனச்சதே இல்ல, அடுத்த கேஸ் வெளிய ட்ராலில படுத்திருக்கும்போது நெனைக்க எங்க நேரம்.

ஒரு நாள் காலைல முதல் கேஸ் ஒரு திருநம்பி, பெண்ணுன்னு பிறப்புல பதிவாகி ஆணா வாழுறவர், கர்ப்பப்பையை எடுக்க வந்திருந்தார். கேஸ் ஷீட்ல பழைய பேர் ப்ரிண்ட் ஆகி இருந்துச்சு, புது பேரை யாரோ பென்சில்ல எழுதி வச்சிருந்தாங்க. நான் பாட்டுக்கு தம்பின்னு கூப்ட்டு செக்லிஸ்ட் கேட்டுட்டு இருந்தேன். நடுவுல அவர் கேட்டார், "சிஸ்டர், இதை எடுத்து தூக்கித்தானே போட போறீங்க, கர்ப்பப்பை இல்லாம எத்தனையோ பேர் ஏங்குறாங்களே, அவங்களுக்கு வச்சு விட முடியாதா?" நான் சிரிச்சுட்டு "அதெல்லாம் இங்க பண்றதில்ல தம்பி, ராத்திரி எத்தனை மணிக்கு சாப்ட்டீங்க"ன்னு அடுத்த கேள்விக்கு போயிட்டேன். அவரும் பதில் சொன்னார்.

அன்னைக்கு டப்பாவை மூடும்போது தான் உறுத்துச்சு. நான் சொன்னது பொய் இல்ல, ஆனா அவர் கேட்டது விளையாட்டும் இல்லையே.

வீட்டுக்கு போய் தேடி படிச்சேன். ஸ்வீடன்ல 2014 செப்டம்பர்ல, மாற்றி வச்ச கர்ப்பப்பைல வளர்ந்து உலகத்துலயே முதல் குழந்தை பிறந்துச்சு, குடுத்தவங்க 61 வயசு தோழி, மாதவிடாய் நின்னு வருஷக்கணக்கானவங்க! வாங்குறவங்கள்ல நிறைய பேர் பிறவிலயே கர்ப்பப்பை இல்லாதவங்க, சுமாரா 5,000 பெண்கள்ல ஒருத்தருக்கு அப்படி. அப்போ இருபது சொச்சம் வயசு தம்பியோடது இன்னும் நல்லா தானே இருக்கும்னு எனக்கும் தோணுச்சு.

ஆனா தினமும் நான் கத்திரி எடுத்து குடுக்குற ஆபரேஷன் வேற, அது வேற. நாங்க எடுக்கும்போது ரத்தக்குழாயை கர்ப்பப்பையை ஒட்டியே பிடிச்சு சீல் பண்ணி வெட்டிடுவோம், ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல வேலை முடிஞ்சுரும். இன்னொருத்தருக்கு வைக்கணும்னா தமனி, சிரை எல்லாம் நீளமா வேணும், இடுப்புக்குள்ள ஆழமா போயி யூரேட்டரை, அதாவது சிறுநீரகத்துல இருந்து மூத்திரப்பைக்கு போற குழாயை, சுத்தி பின்னிக்கிட்டு இருக்குற மெல்லிசு சிரைகளை ஒவ்வொண்ணா பிரிக்கணும். ஸ்வீடன்ல முதல்ல குடுத்தவங்களுக்கு பத்து மணி நேரத்துக்கு மேல ஆச்சு, ஒருத்தருக்கு யூரேட்டர்ல கசிவு வந்து திரும்ப ஆபரேஷன் பண்ண வேண்டியதாச்சு. அதனால "எப்படியும் எடுக்கத்தானே போறோம்"ங்கிற பேச்சு சரி கிடையாது, தானம்னா அந்த தம்பி இன்னும் பெரிய ஆபத்துக்கு உடம்பை குடுக்கணும். மறுபக்கமும் இருக்கு, சில திருநம்பிகள் சினைப்பையையும் சேர்த்து எடுக்க சொல்லுவாங்க, அப்போ அங்க இருக்குற பெரிய சிரையையே உபயோகிக்கலாம், கஷ்டமான பாதி வேலை குறையும். சில பேர் பின்னாடி கருமுட்டை எடுக்கலாம்னு சினைப்பையை வச்சுக்குவாங்க, அவங்ககிட்ட இந்த வழி இல்ல.

திருநம்பிகள் போட்டுக்குற ஆண் ஹார்மோன் ஊசி, டெஸ்டோஸ்டிரோன், போட்டா கர்ப்பப்பை கெட்டுடும்னு எங்க தியேட்டர்ல ஒரு பேச்சு உண்டு. உள் சவ்வு மெலிசாகலாம் தான், ஆனா ஊசியை நிறுத்திட்டு 2008ல அமெரிக்காவுல தாமஸ் பீட்டிங்கிற திருநம்பி குழந்தையே பெத்தாரு. ஏற்கனவே பிரசவமான கர்ப்பப்பையை தான் நிறைய டீம் விரும்புறாங்க, அது வேற பிரச்சனை.

எனக்கு கோவம் வந்தது வேற விஷயத்துல. டீ குடிக்கும்போது இதை எடுத்தேன், சீனியர் ஒருத்தர் உடனே, "இளசு, வீணா போகுது, கேட்டு வாங்கிக்கலாமே"ன்னார். வீணாவா? அதே ஸ்வீடன்ல 2013 வரைக்கும் சட்டப்படி பாலினத்தை மாத்தணும்னா கருத்தடை ஆபரேஷன் கட்டாயம். ஒரு பக்கம் கர்ப்பப்பையை மாத்தி வச்சு சாதனை பண்ணிட்டு இருந்த அதே வருஷங்கள், இன்னொரு பக்கம் இது! அந்த மாதிரி வரலாறு இருக்கும்போது நாம கேக்குறதும் அவரா கேக்குறதும் ஒண்ணாகுமா, ஆபரேஷன் கிடைக்கணுமேன்னு மாசக்கணக்கா காத்திருக்கிறவர்கிட்ட கன்சென்ட் ஃபார்மோட சேர்த்து இன்னொரு பேப்பரை நீட்டினா எப்படி மாட்டேன்னு சொல்லுவார். ஆபரேஷன் பண்றவங்க வேற, தானத்தை பத்தி பேசுறவங்க வேறன்னு இருக்கணும், இல்லேன்னு சொன்னாலும் ஆபரேஷன் தேதி தள்ளிப்போக கூடாது. சீனியர்கிட்ட இவ்ளோ நீளமா சொல்லல, "அவர் குடுத்தா தான் சார்"னு மட்டும் சொன்னேன்.

பத்தாவது நாள் அந்த தம்பி ரிவ்யூக்கு வந்தார். தையலை பாத்துட்டு, அன்னைக்கு சரியா பதில் சொல்லலன்னு சொல்லி, படிச்சதுல பாதியை சொன்னேன். பத்து மணி நேரம்னதும் "ஐயோ"ன்னார். கொஞ்சம் யோசிச்சுட்டு, "முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா ஒருவேளை ஒத்துக்கிட்டிருப்பேன் சிஸ்டர், தெரியல"ன்னார். அப்புறம் லேப் ரிப்போர்ட் என்ன வந்துச்சுன்னு கேட்டார். சவ்வு மெலிசு, மத்தபடி நார்மல்னு வாசிச்சு காட்டினேன். ஒரு காப்பி வேணும்னு வாங்கி மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டார், அதுலயும் பழைய பேர் தான் இருந்துச்சு.