திருநாள் தேதிக்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது

கத்தோலிக்கப் புனிதர்களின் திருநாளன்று பகிரப்படும் செய்திகளில் பெரும்பாலும் புதுமைகள்தான், அதாவது அற்புதங்கள்தான் இருக்கின்றன. இவரிடம் வேண்டினால் தொலைந்த பொருள் கிடைக்கும், அவரிடம் வேண்டினால் தொண்டை வலி தீரும், இந்த மாதிரி. புனிதர்களின் பரிந்துரையை நானும் நம்புகிறேன், வேண்டவும் செய்கிறேன். ஆனால் அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார், முக்கியமாக எப்படி இறந்தார் என்பது அந்தச் செய்திகளில் ஒரு வரிகூட இருப்பதில்லை. எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது, ஏனென்றால் பெரும்பாலான திருநாள்கள் அந்தப் புனிதர் இறந்த நாளிலேயே வருகின்றன.

பிறந்த நாளைத் திருவழிபாட்டில் கொண்டாடுவது மூன்று பேருக்குத்தான்: இயேசு, அன்னை மரியா, திருமுழுக்கு யோவான். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் இறப்புதான் கணக்கு. ரொம்பப் பழைய வழக்கம் இது. 2-ஆம் நூற்றாண்டில் ஸ்மிர்னா நகரின் ஆயராக இருந்த பொலிகார்ப்பு, கிறிஸ்துவைப் பழித்துப் பேசினால் விட்டுவிடுகிறேன் என்று ஆளுநர் சொன்னபோது, 86 வருடங்களாக அவருக்கு ஊழியம் செய்கிறேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை, என் அரசரை எப்படிப் பழிப்பேன் என்று கேட்டார். கொன்று உடலையும் எரித்தார்கள். மிச்சமிருந்த எலும்புகளை அவருடைய சபையார் பொறுக்கி எடுத்து, இவை எங்களுக்கு விலையுயர்ந்த கற்களைவிட மேலானவை, ஆண்டுதோறும் இங்கே கூடி அவர் மறைசாட்சியான நாளை, அதாவது விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த நாளைப் பிறந்த நாளாகக் கொண்டாடுவோம் என்று வேறொரு சபைக்குக் கடிதம் எழுதினார்கள். கண் முன்னால் நடந்த கொலையைப் பார்த்தவர்கள் எழுதியது அது.

சரி, தேதியைப் பிடித்துக்கொண்டு போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலா தெரேசா நல்ல உதாரணம். அவர் இறந்தது 1582 அக்டோபர் 4 இரவு, திருநாளோ அக்டோபர் 15. ஸ்பெயின் அதே இரவில்தான் பழைய நாள்காட்டியிலிருந்து கிரகோரியன் நாள்காட்டிக்கு மாறியது, அதனால் நாலாம் தேதிக்கு அடுத்த நாள் பதினைந்தாம் தேதி ஆகிவிட்டது. இதைத் தேடிப் படிக்கப் போனவர்கள் அப்படியே அவருடைய கடைசிப் பயணத்துக்குள்ளும் போய்விடுவார்கள். 67 வயது, உடம்பு முழுக்க நோய், அந்த நிலையிலும் மேலிடத்துக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து ஆல்பா தெ தோர்மெஸ் ஊருக்குப் போகிறார். எத்தனையோ மடங்களை நிறுவியவர், விசாரணைகளையும் எதிர்ப்பையும் வாழ்நாளெல்லாம் பார்த்தவர், படுக்கையில் திரும்பத் திரும்பச் சொன்னது நான் திருச்சபையின் மகள் என்பதைத்தான்.

சவேரியார் டிசம்பர் 3. சீனாவுக்குள் நுழையப் படகு வரும் வரும் என்று சாங்சுவான் தீவில் காத்திருந்து, 1552-ல் காய்ச்சலில் அங்கேயே இறந்தார். எத்தனை நாடு சுற்றியவர், கடைசியாகப் போக நினைத்த இடத்தைத் தொடவே இல்லை! போலந்து நாட்டுத் துறவி மாக்ஸிமிலியன் கோல்பே ஆகஸ்ட் 14. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில், பட்டினிச் சாவுக்குப் பொறுக்கப்பட்ட ஒரு குடும்பஸ்தருக்குப் பதிலாக நான் போகிறேன் என்று முன்வந்து, இரண்டு வாரம் போல உயிரோடிருந்து, கடைசியில் விஷ ஊசி போட்டுக் கொல்லப்பட்ட நாள். அவர் காப்பாற்றிய மனிதர் 1982-ல் ரோமில் நடந்த புனிதர் பட்ட விழாவுக்கு வந்திருந்தார்.

என் மனதுக்கு மிக நெருக்கமானவை ஆகஸ்ட் 27, 28 இரண்டும். முந்தைய நாள் மோனிக்கா, அடுத்த நாள் அவருடைய மகன் அகுஸ்தீனார். மோனிக்கா இறந்தது 387-ல், ரோமுக்குப் பக்கத்தில் ஓஸ்தியா துறைமுகத்தில், ஆப்பிரிக்காவுக்குத் திரும்பும் வழியில். கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று அதுவரை ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவர், சாகும் நேரத்தில் இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்று பிள்ளைகளிடம் சொன்னார். அகுஸ்தீனாரே இதை எழுதி வைத்திருக்கிறார். முன்பு மோனிக்காவின் திருநாள் மே 4-ல் இருந்தது, 1969-ல் நாள்காட்டியைத் திருத்தியபோதுதான் மகனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். அத்தனை வருடம் அழுது ஜெபித்து மகனை மீட்ட தாய்க்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

அகுஸ்தீனார் இறந்தது 430-ல், அவர் ஆயராக இருந்த வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரை வாண்டல் இனத்தாரின் படை முற்றுகையிட்டிருந்தபோது. தாவீதின் மனவருத்தச் சங்கீதங்களில் சிலவற்றை எழுதிச் சுவரில் மாட்டச் சொல்லி, படுத்தபடியே அவற்றைப் படித்து அழுதுகொண்டிருந்தார், வைத்தியர் வரும் நேரமும் சாப்பாடு வரும் நேரமும் தவிர யாரும் உள்ளே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இவ்வளவு பெரிய மேதை, ஆயர், கடைசியில் பாவமன்னிப்பு கேட்கும் ஒரு மனிதராக மட்டும் படுத்திருக்கிறார். இதைப் படித்த பிறகு அவர் திருநாளன்று வேறு எதையும் பகிர எனக்கு மனம் வரவில்லை.

தேதி இறந்த நாளோடு பொருந்தாத இடங்களிலும் காரணம் உண்டு. இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இறந்தது மார்ச் 7, அது பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் விழுவதால் அவருடைய திருப்பண்டங்கள், அதாவது உடலின் எச்சங்கள், பிரான்சின் துலூஸ் நகருக்கு வந்த ஜனவரி 28-க்கு மாற்றினார்கள். திருத்தந்தை இருபத்திமூன்றாம் யோவானுக்கு இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கிய அக்டோபர் 11, இரண்டாம் யோவான் பவுலுக்கு அவர் திருத்தந்தையாகப் பணி தொடங்கிய அக்டோபர் 22. திருத்தூதர் தோமாவின் திருநாளும் டிசம்பர் 21-லிருந்து ஜூலை 3-க்கு வந்ததுதான், 1969-க்கு முந்தைய திருவழிபாட்டு நாள்காட்டியைப் பின்பற்றுகிறவர்கள் இன்றும் டிசம்பரில்தான் கொண்டாடுகிறார்கள்.